சிறிய மருத்துவமனையின் கணினிகள் முடங்கினால்: முதல் ஆறு மணி நேரமும் அடுத்த மூன்று வாரமும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்றே முக்காலுக்கு இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் என்னை அழைத்தார். "சார், பில்லிங் கணினியில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களுக்குப் பின்னாலும் ஏதேதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐ.சி.யு. நோயாளிக்கு நேற்று மாலை எடுத்த பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டர் கேட்கிறார். லேப் பக்கமும் வரவில்லை" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் முப்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். கணினி படித்தவன் அல்லன். எங்களைத் தாக்கியது ரான்சம்வேர். கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கும் வகை. வழக்கமான வேலைக்குத் திரும்ப எங்களுக்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. அதில் பாதி நாட்கள், யாரிடம் போவது, எந்தக் காகிதம் வேண்டும், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் வீணானவை. சிறிய மருத்துவமனையிலோ, லேபிலோ, ஸ்கேன் மையத்திலோ இந்தப் பொறுப்பு புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், இதை இன்றே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் நடக்கும் நாளில் இதைக் கணினியில் திறந்து படிக்க முடியாது.

1. கேபிளைப் பிடுங்குங்கள், கணினியை அணைக்காதீர்கள்

முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கணினிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது. எல்லா லேன் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அதன் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். வைஃபை ரவுட்டரையும் அணையுங்கள். அது எந்த அறையில், எந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறது என்பது இரவுப் பணியாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சிஸ்டருக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்த இருபத்தைந்து நிமிடத்தில் மேலும் நான்கு கணினிகள் பூட்டப்பட்டுவிட்டன.

சர்வரில் (எல்லாத் தகவலும் சேரும் மையக் கணினியில்) செருகியிருக்கும் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள்.

கணினிகளை மட்டும் அணைக்காதீர்கள். பூட்டுவதற்குப் பயன்பட்ட சாவியின் தடயம் சில சமயம் கணினியின் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். நான் பதற்றத்தில் எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடச் சொன்னேன். அது தவறு. இணைப்பைத் துண்டிக்க வழியே இல்லாமல், கோப்புகள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தால் மட்டும் அணைத்துவிடலாம்.

திரையில் தெரியும் மிரட்டல் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு கணினியையும் தனித்தனியாக, கடிகாரம் தெரியும்படி எடுங்கள். ஒரு நோட்டை எடுத்து, மணி போட்டு எழுதத் தொடங்குங்கள்: யார் முதலில் பார்த்தது, எப்போது, எந்தக் கணினி, யார் என்ன செய்தார்கள். இந்த நோட்டு அடுத்த மூன்று வாரமும் உங்களிடம் எல்லோரும் கேட்கப்போகும் ஆவணம்.

இந்த நேரத்தில் மிக மோசமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யாராவது நல்ல எண்ணத்தோடு, "நம்மிடம்தான் பேக்கப் இருக்கிறதே, செருகிப் பார்த்துவிடலாம்" என்பார்கள். நோய் பிடித்த கணினியில் பேக்கப் டிஸ்க்கைச் செருகினால் அதுவும் பூட்டப்படும். தனியாக எடுத்து வைத்த டிஸ்க் இருந்தால், அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

2. நோயாளிகளைக் காகிதத்துக்கு மாற்றுங்கள்

கணினியைப் பார்க்க ஆள் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. டியூட்டி டாக்டரும் சிஸ்டரும் ஒவ்வொரு படுக்கையாகச் சென்று ஐந்து விஷயங்களை எழுத வேண்டும்: ஒவ்வாமை, இரத்த வகை, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளும் அடுத்த வேளையும், சர்க்கரைக்கும் இரத்தம் உறையாமலிருக்கவும் தரும் மருந்துகளின் அளவு, வரவேண்டிய லேப் முடிவுகள். கேஸ் ஷீட்டில் இல்லாமல் கணினியில் மட்டும் இருந்த தகவல் எது என்பது அப்போதுதான் தெரியும். எங்களிடம் ஒவ்வாமைக் குறிப்பு கணினியில் மட்டுமே இருந்தது. உறவினர்களை எழுப்பிக் கேட்டுக் கேட்டு எழுதினோம்.

லேப் முடிவுகளுக்குப் பதற வேண்டாம். இரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் அவற்றுக்கென்று திரையும் நினைவகமும் உண்டு. சிலவற்றில் சிறிய பிரின்டரும் இருக்கும். அந்தப் பொட்டாசியம் அளவை இயந்திரத்தின் திரையிலிருந்துதான் லேப் ஊழியர் படித்துச் சொன்னார். தொலைபேசியில் எண் சொன்னால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அன்றே விதி வைத்தோம்.

புதிதாக வருபவர்களுக்குத் தற்காலிக எண் கொடுங்கள். "த" என்ற எழுத்தில் தொடங்கி த-1, த-2 என்று போகட்டும். கணினி திரும்பிய பிறகு பழைய எண்ணோடு சேர்ப்பது எளிது. முதல் நாள் நாங்கள் வெறும் பெயரை மட்டும் எழுதினோம். பெண்கள் வார்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தார்கள். ஒருவருடைய இரத்த அறிக்கை மற்றவரின் கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. மருந்தை மாற்ற டாக்டர் எழுதப்போகும் நேரத்தில், "இதில் வயது 62 என்று இருக்கிறது, இந்த அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லையே" என்று சிஸ்டர் நிறுத்தினார். அன்றிலிருந்து எந்தச் சீட்டிலும் பெயர், வயது, படுக்கை எண், தற்காலிக எண் ஆகிய நான்கும் இல்லாமல் லேபில் வாங்குவதில்லை.

இதற்கு ஒரு பெட்டி தயாராக இருக்கட்டும்: எண்ணிட்ட பில் புத்தகம், புறநோயாளி நோட்டு, லேப் கோரிக்கைச் சீட்டு, மருந்துச் சீட்டு, வெற்று டிஸ்சார்ஜ் படிவம், கார்பன் தாள், விலைப்பட்டியலின் ஒரு பிரதி. எங்கள் ஊர் அச்சகத்தில் ஒரு மாதத்துக்குத் தாங்கும் அளவுக்கு அடிக்க ஏழாயிரம் ரூபாய் ஆனது. ஞாயிற்றுக்கிழமை அச்சகம் திறந்திருக்காது என்பதால், முதல் நாள் முழுவதும் பள்ளி நோட்டுகளில் ஓட்டினோம்.

3. ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல்

செர்ட்-இன் என்பது கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட உத்தரவின்படி, தாக்குதலைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டு நிறுவனமாகவோ தனி உரிமையாளர் பெயரிலோ நடக்கும் சிறிய மருத்துவமனைக்கும் பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் வந்த உத்தரவு என்பதால், மீறினால் தண்டனையும் உண்டு.

ஆறு மணி நேரம் என்பது நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து. மூன்றே முக்காலுக்கு சிஸ்டர் பார்த்தார் என்றால் காலை ஒன்பதே முக்காலுக்குள். முழு விவரமும் தெரிந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் விவரம் போதும். மீதியைப் பிறகு அனுப்பலாம். செர்ட்-இன் இணையதளத்தில் படிவம் இருக்கிறது, மின்னஞ்சலிலும் அனுப்பலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-4949.

மருத்துவமனையின் மின்னஞ்சலும் அதே கணினிகளில் சிக்கியிருக்கும். ஆகவே, தாக்கப்படாத கைப்பேசியிலிருந்து வேறொரு முகவரியில் அனுப்புங்கள். என்ன நடந்தது, எப்போது கவனித்தீர்கள், எத்தனை கணினிகள், எந்த ஊர், தொடர்புக்கு யார், மிரட்டல் செய்தியின் படம் ஆகியவை இருந்தால் முதல் அறிக்கைக்குப் போதும். அனுப்பியதற்கான சான்றை அச்சிட்டு வையுங்கள்.

இப்படி ஒரு கடமை இருப்பதே எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. தாமதத்தின் காரணத்தை எழுதி அனுப்பினேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது.

இதே உத்தரவு, கணினிகளின் நுழைவுப் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்கவும் சொல்கிறது. எங்கள் ரவுட்டர் ஒரு வாரப் பதிவைத்தான் வைத்திருந்தது. தாக்குதல் அந்த வாரத்துக்குள் நடந்ததால்தான், வந்த வழி எங்களுக்குத் தெரிந்தது.

4. காவல் நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. நேராக அங்கே செல்லுங்கள். 1930 என்ற எண், பணம் பறிபோகும் மோசடிகளுக்கு மிக விரைவாக உதவும். உங்கள் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அதை அழையுங்கள். ரான்சம்வேர் மட்டும் என்றால், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்துவிட்டு நேரிலும் செல்வது நல்லது. செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பதும் காவல்துறையில் புகார் தருவதும் வெவ்வேறு. ஒன்றைச் செய்தால் மற்றது முடிந்ததாக ஆகாது.

நான் மூன்று முறை அலைந்து சேர்த்த காகிதங்கள் இவை. நீங்கள் ஒரே முறையில் எடுத்துச் செல்லுங்கள்:

- மருத்துவமனைக் கடிதத் தாளில் புகார், இரண்டு பிரதிகள்
- உரிமையாளர் கையெழுத்திட்டு, உங்களைப் புகார் தர அனுமதிக்கும் கடிதம். இது இல்லாமல் போனதால்தான் முதல் முறை திரும்பி வந்தேன்
- மருத்துவமனைப் பதிவுச் சான்றின் நகல், உங்கள் அடையாள அட்டையின் நகல்
- தாக்கப்பட்ட கணினிகளின் பட்டியல்: எந்த அறை, வரிசை எண், வாங்கிய பில்
- மிரட்டல் செய்தியின் அச்சுப் பிரதி. அதிலுள்ள மின்னஞ்சல் முகவரி, பிட்காயின் முகவரி தனித்தாளில்
- மணிவாரியாக எழுதிய நோட்டின் நகல்
- மென்பொருள் நிறுவனத்தோடும் கணினிப் பராமரிப்பு செய்பவரோடும் போட்ட ஒப்பந்தங்கள்
- ரவுட்டர், சர்வர் பதிவுகள் ஒரு பென் டிரைவில்

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சான்றிதழும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தரும்போது அதனுடன் ஒரு சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. அதில் ஒரு பகுதியைக் கணினிக்குப் பொறுப்பானவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஹாஷ் எண் என்பது கோப்புக்குக் கைரேகை போன்றது. ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கணினிப் பொறியாளர் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார். ஆனால் பதிவுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள்.

புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் எண்ணிட்டுத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனங்களும் வங்கியும் ஆடிட்டரும் முதலில் கேட்பது அதைத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் விசாரணை செய்ய இன்ஸ்பெக்டர் நிலையில் உள்ளவருக்குத்தான் அதிகாரம் உண்டு. எனவே அவர் இருக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டுச் சென்றால் ஓர் அலைச்சல் மிச்சம். இணையம் வழியே தகவல் கொடுத்து முதல் தகவல் அறிக்கை கேட்டிருந்தால், மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும்.

5. பணம் கேட்பவர்களும் "மீட்டுத் தருகிறோம்" என்பவர்களும்

நாங்கள் பணம் கொடுக்கவில்லை. கொடுத்துவிடலாம் என்ற பேச்சு இரண்டாம் நாள் இரவு வந்தது. நிர்வாக டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு என்ன உறுதி?" அவர் கேட்டதில் பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் 2024-இல் தாக்கப்பட்டபோது 2.2 கோடி டாலர் கொடுத்தது. அதன் பிறகும் அந்தத் தரவு தங்களிடம் இருப்பதாகச் சொல்லி இன்னொரு கும்பல் பணம் கேட்டது.

முதலில் "நோ மோர் ரான்சம்" என்ற இணையதளத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது. மிரட்டல் செய்தியையும் பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் ஏற்றினால், எந்த வகை என்றும் அதற்கு இலவசச் சாவி இருக்கிறதா என்றும் சொல்லும். ஏற்றும் கோப்பு நோயாளியின் அறிக்கையாக இருக்கக் கூடாது. விலைப்பட்டியல், விடுமுறைப் பட்டியல் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் வகைக்குச் சாவி இல்லை.

நான்காம் நாள், "நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம், பாதிப் பணம் முன்கூட்டி" என்று ஒருவர் அழைத்தார். இப்படிச் சொல்பவர்களில் சிலர் செய்வது, உங்களிடம் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தாக்கியவர்களுக்கே கொடுத்துச் சாவி வாங்குவதுதான். எந்த முறையில் மீட்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். உண்மையான நிபுணர் வேண்டுமானால், செர்ட்-இன் தன் அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனங்களின் பட்டியலை இணையதளத்தில் வைத்திருக்கிறது.

6. பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், புதியதில் கட்டுங்கள்

எங்கள் பராமரிப்பாளர் தொலைபேசியிலேயே, "எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடலாம், இரண்டு நாளில் முடியும்" என்றார். நல்ல வேளையாக ஒரு நண்பர் தடுத்தார். ஃபார்மட் செய்தால் காவல்துறைக்கான சாட்சியமும் போகும். நாளைக்கு அந்த வகைக்குச் சாவி வெளியானாலும் திறப்பதற்குக் கோப்பு இருக்காது. எங்கள் பதினொரு கணினிகளுக்கும் சர்வருக்கும் புதிய டிஸ்க் வாங்கினோம். பழையவற்றை உறையில் போட்டு, எந்தக் கணினி, என்று கழற்றியது என எழுதி, ஒட்டிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம். இன்றும் பீரோவில்தான் இருக்கின்றன.

எதை முதலில் எழுப்புவது என்பதை டாக்டர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எங்கள் வரிசை: லேப், மருந்தகம், உள்நோயாளிப் பதிவு, பில்லிங், கடைசியாகக் கணக்கு. முதலில் பில்லிங் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பில்லைக் கையால் எழுதலாம். மருந்தகத்தில் எந்தத் தட்டில் எது, எது காலாவதி என்பதைக் கையால் தேடுவதுதான் ஆபத்து.

எங்கள் பேக்கப் என்ன ஆனது? சர்வரிலேயே எப்போதும் செருகிக் கிடந்த டிஸ்க் அது. இரவு இரண்டு மணிக்குத் தானாகப் பதிவாகும். "பேக்கப் முடிந்தது" என்று பச்சை எழுத்தில் வரும் செய்தியைத் தினமும் காலையில் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறேன். சர்வரைப் பூட்டிய அதே நேரத்தில் அதையும் பூட்டிவிட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது, புதிய பதிப்பை நிறுவ வந்தபோது மென்பொருள் நிறுவன ஊழியர் தன்னிடம் எடுத்துவைத்திருந்த நான்கு மாதப் பழைய பிரதி. அந்த நான்கு மாதங்களைக் கேஸ் ஷீட்டுகளிலிருந்தும், ஆடிட்டரிடம் இருந்த மாதக் கணக்கிலிருந்தும், மருந்து மொத்த விற்பனையாளர்களின் பில் நகல்களிலிருந்தும் திரும்ப ஏற்றினோம். பத்தொன்பதாம் நாள் கணினிகள் ஓடின. ஏற்றி முடிக்க மேலும் இரண்டு மாதங்கள் ஆயின.

7. சட்டம் கேட்கும் பதிவேடுகள் காத்திருக்காது

கணினி மீட்பில் மூழ்கி இதை மறந்துவிடுவது எளிது. மறந்தால் வரும் சிக்கல் தாக்குதலைவிடப் பெரியது.

ஸ்கேன் அறை இருந்தால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் கேட்கும் "எஃப்" படிவத்தை முதலில் பாருங்கள். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அது வேண்டும். மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கையெழுத்திட்ட காகிதப் படிவங்கள் தனிக் கோப்பில் இருந்தால் தப்பித்தீர்கள். எங்கள் ஸ்கேன் அறைச் சகோதரி, யாரும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் அச்சிட்டு மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டுகளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறப்புகளை 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரசவ அறை நோட்டிலிருந்து எடுத்து அனுப்புங்கள். மருந்தகத்தில் எச்1 பட்டியல் மருந்துகளுக்கான (சில ஆன்டிபயாடிக், காசநோய், பழக்கமாகும் மருந்துகள்) தனிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களுக்கும் குறைந்தது மூன்று ஆண்டுகள். நோயாளி தன் ஆவணத்தைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. தர முடியாத நிலையென்றால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, சி.எஸ்.ஆர். எண்ணையும் குறிப்பிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், ஆவணங்கள் தாமதமாகும் என்று முதல் நாளே மின்னஞ்சல் அனுப்புங்கள். நாங்கள் ஐந்தாம் நாள்தான் அனுப்பினோம். காலக்கெடு கடந்த கோரிக்கைகளில் மூன்று திரும்பி வந்தன. அந்தத் திட்ட இணையதளங்களின் கடவுச்சொற்களையும் அன்றே மாற்றுங்கள். அவை பில்லிங் கணினியின் பிரௌசரில் சேமிக்கப்பட்டிருக்கும்.

8. நோயாளிகளிடம் சொல்லுங்கள்

இதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பெயர் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சினார்கள். நான் சொல்ல வேண்டும் என்ற பக்கம் நின்றேன். காரணம் எளியது: கோப்புகளைப் பூட்டுபவர்கள் பல நேரங்களில் அவற்றின் நகலையும் எடுத்துக்கொள்கிறார்கள். பெயர், கைப்பேசி எண், என்ன அறுவை சிகிச்சை, எவ்வளவு பாக்கி எல்லாம் தெரிந்த ஒருவர், "மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம், மீதித் தொகையை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்றால் யாரும் நம்பிவிடுவார்கள்.

வரவேற்பில் பெரிய எழுத்தில் அறிவிப்பு வைத்தோம். கடந்த ஓராண்டில் உள்நோயாளிகளாக இருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம். கைப்பேசியில் பணம் அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்க மாட்டோம், யாராவது கேட்டால் 1930-ஐ அழையுங்கள் என்றோம். திட்டியவர்கள் இரண்டு மூன்று பேர். சொன்னதற்கு நன்றி என்றவர்களே அதிகம்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையே கடமையாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. அதன் பிறகு, தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நோயாளிகளின் கைப்பேசி எண் பட்டியலை மாதம் ஒருமுறை அச்சிட்டுப் பூட்டி வையுங்கள். கணினி முடங்கிய நாளில் யாரை அழைப்பது என்பதற்கு அதுதான் துணை.

9. ஆன செலவு

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். டிஸ்க்குகள் 38,000 ரூபாய். வெளியூரிலிருந்து வந்து ஒன்பது நாட்கள் தங்கிய பொறியாளருக்கு 54,000. உரிமம் இல்லாமல் ஓடிய விண்டோஸுக்குப் பதில் முறையான உரிமங்கள் 70,000 சொச்சம். இணையத்திலிருந்து அத்துமீறி நுழைவதைத் தடுக்கும் நல்ல ஃபயர்வால் பெட்டி ஒன்று 32,000. கூடுதல் நேரம் வேலை பார்த்தவர்களுக்கும், திரும்பத் தகவல் ஏற்ற வைத்த இரண்டு தற்காலிக ஊழியர்களுக்கும் 85,000. அச்சு 7,000. திரும்பி வந்த காப்பீட்டுக் கோரிக்கைகளின் தொகையையும் வராமல் போன நோயாளிகளையும் இதில் சேர்க்கவில்லை.

தாக்குதலுக்கு முன்பு இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்று பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு கொட்டேஷன் வாங்கியிருந்தோம். அது அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நின்றுபோனது.

10. மறுபடி நுழையாமல் இருக்க, இந்த வாரமே செய்ய வேண்டியவை

தொலைவிலிருந்து நுழையும் வழியை முதலில் மூடுங்கள். மென்பொருள் நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்தே பழுது பார்ப்பதற்காக, எங்கள் ரவுட்டரில் ஒரு வழியை நிரந்தரமாகத் திறந்து வைத்திருந்தது. கடவுச்சொல் மருத்துவமனைப் பெயரும் தொடங்கிய ஆண்டும். மூன்று இரவுகள் ஆயிரக்கணக்கான முறை முயன்று, நான்காம் இரவு நுழைந்தது பதிவில் அப்படியே இருந்தது. சேஞ்ச் ஹெல்த்கேரிலும் நுழைவாயில், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைவழிதான். இப்போது அவர்கள் தொலைபேசியில் கேட்டால் நாங்கள் திறந்துவிடுகிறோம். வேலை முடிந்ததும் மூடிவிடுகிறோம். திறந்த நேரமும் மூடிய நேரமும் நோட்டில் ஏறும்.

பழைய விண்டோஸை மாற்றுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. ஸ்கேன், எக்ஸ்ரே இயந்திரங்களோடு வரும் கணினிகளை நீங்களாக மாற்ற முடியாது; இயந்திரத்தின் உத்தரவாதம் போய்விடும். அவற்றைத் தனி சுவிட்ச்சில் போட்டு, இணையம் போகாமல் வையுங்கள். படங்களைப் பார்க்கும் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் வழி விடுங்கள். பொறியாளருக்கு அரை நாள் வேலை.

ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுங்கள். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், எது யாரால் நடந்தது என்று கடைசிவரை தெரியாது. வேலையை விட்டுப் போகிறவருடைய கணக்கை, அவருக்குக் கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே மூட வேண்டும்.

பேக்கப்புக்கு நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறை: இரண்டு டிஸ்க்குகள், "ஒற்றை", "இரட்டை" என்று பெயர் எழுதியவை. ஒற்றைத் தேதியில் ஒன்று, இரட்டைத் தேதியில் மற்றது. பேக்கப் முடிந்ததும் கழற்றிவிடுவோம். கழற்றியது நிர்வாக டாக்டரின் வீட்டுப் பீரோவுக்குப் போகும். இரண்டும் குறியாக்கம் செய்யப்பட்டவை என்பதால் வழியில் தொலைந்தாலும் படிக்க முடியாது. மூன்றாவது பிரதி, பழையதை அழிக்க முடியாதபடி அமைத்த இணையச் சேமிப்பில் இருக்கிறது. மாதம் தொள்ளாயிரம் ரூபாய்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, தனியாக வைத்திருக்கும் ஒரு பழைய மடிக்கணினியில் அந்த டிஸ்க்கைப் போட்டு, நேற்று டிஸ்சார்ஜ் ஆன ஒரு நோயாளியின் பதிவைத் திறந்து பார்க்கிறோம். பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். முதல் முறை முயன்றபோது திறக்கவில்லை; பேக்கப்பில் லேப் பகுதியைச் சேர்க்கவே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பச்சை எழுத்துச் செய்தி அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

டிஸ்க்குகளின் குறியாக்கச் சாவியையும் சர்வர் கடவுச்சொல்லையும் காகிதத்தில் எழுதி, ஒட்டிய உறையில், மருத்துவமனைக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். இரண்டு பேருக்கு இடம் தெரிந்திருக்கட்டும். உறையை யார் திறந்தாலும் தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறுநாளே கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறை வைத்துவிடுங்கள்.